பத்து லட்சத்து இருபத்தேழு

போன வாரம் நீங்கள் நாலு பேரும் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். நம் கோச்சிங் வகுப்பில் இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்த கணக்கு ஆசிரியர்கள் என்று அறிமுகம் செய்துகொண்டீர்கள். காபி குடித்தீர்கள், மரியாதையாகப் பேசினீர்கள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே உங்களில் ஒருவர் கேட்டார்: "மேடம், நம்ம கொஸ்டின் பேப்பர்ல ஆமா, இல்லன்னு பதில் வர்ற கேள்விக்கெல்லாம் கீழே 'எது வரைக்கும் பார்த்தாய்?'ன்னு ஒரு வரி இருக்கே, அத எடுத்துடலாமா? திருத்த ரொம்ப டயம் ஆறது."

யோசித்து எழுதி அனுப்புகிறேன் என்றேன். கேட்க வந்த விஷயத்தை வாசலில் வைத்துக் கேட்பது நம் ஊர்ப் பழக்கம். ஆனால் பதில் வாசலில் நின்று சொல்லி முடிகிறதாக இல்லை.

எப்படிப் பாடம் நடத்துவது என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், உங்கள் வீடியோக்களைப் பார்த்திருக்கிறேன். கை ஆட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கும். நான் சொல்ல வருவது வேறு. ஒரு கூடம் நிறைய மனிதர்கள் உட்கார்ந்திருக்க, மைக்கை உங்கள் கையில் கொடுத்து "முடிவைச் சொல்லுங்கள்" என்று கேட்கும்போது என்ன செய்வது என்பதைப் பற்றியது.

அப்போதெல்லாம் மாட்டுங்காவில் நம் வகுப்புக்கு ஒரு வழக்கம் இருந்தது. கேள்வி எழுதுகிறவர் பரீட்சையை நடத்தக்கூடாது. நடத்துகிறவர், பிள்ளைகள் பதில் சொல்லி முடிக்கும்வரை விடை இருக்கும் கவரைப் பிரிக்கக்கூடாது. டைப் அடிக்கிறவருக்குக் கணக்கு வரக்கூடாது. எல்லாம் கேள்வித்தாள் வெளியே போய்விடுமோ என்ற பயம்தான். மூன்று இடத்தில் பூட்டுப் போட்டுவிட்டுத் திருடன் வரமாட்டான் என்று நிம்மதியாக இருந்தோம். தப்பு உள்ளே வந்துவிட்டால் அதை யார் பிடிப்பது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கேள்வி எழுதுகிறவர் எங்கள் சீனியர். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர், மகா பிடிவாதக்காரர். பெயர் வேண்டாம், உயிரோடு இருந்திருந்தால் அவரே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். அவருக்குப் பத்து லட்சத்தை ஒட்டியிருக்கும் எண்கள் மேல் ஒரு மோகம். அவை சால் குடியிருப்பில் வரிசையாக இருக்கும் கோலிகள், அந்த ஒற்றை அறை வீடுகள் மாதிரி, வெளியே பார்த்தால் எல்லாக் கதவும் ஒன்று, உள்ளே ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு தினுசு என்பார். பத்து லட்சத்தை இரண்டாலும் ஐந்தாலும் மாற்றி மாற்றி வகுத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். அதற்கு ஒன்று குறைவான 999999 மூன்றால் போகும், ஏழால் போகும், பதினொன்றால், பதின்மூன்றால், முப்பத்தேழால் போகும். ஒன்று கூடுதலான 1000001 யாருக்கும் பிடி கொடுக்காதது போல நடித்துவிட்டு 101இடம் மாட்டிக்கொள்ளும். இன்னும் இரண்டு தள்ளிப் போனால் 1000003, சுத்தமான பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது.

கடைத்தெருவில் ஒரு இலக்கம் மாறினால் தொகை கொஞ்சம் கூடும், குறையும். எண்களின் குணத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு இலக்கம் மாறினால் ஆளே மாறிவிடுவார். இதைச் சீனியர் எங்களுக்கு அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் கேள்வியிலேயே அது நடந்தது.

நம் வகுப்பில் வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு இலவச இடம் கொடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டு வருஷப் படிப்பு, புத்தகம் உட்பட எல்லாம் இலவசம். செம்பூரில் இருந்த ஒரு வியாபாரி செலவை ஏற்றுக்கொண்டிருந்தார். அந்த வருஷப் பரீட்சையைச் சயானில் ஒரு பள்ளிக்கூடத்தின் கூடத்தை வாடகைக்கு எடுத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நடத்தினோம். எழுத்துத் தேர்வில் இரண்டு பேர் சரிசமமாக முதலில் வந்தார்கள். அப்படி வந்தால் பெற்றோர் முன்னால் மேடையில் ஒரே ஒரு கேள்வி என்று விதி. நடத்தியது நான்.

ஒருத்தி பாத்திமா. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் அவள் வாப்பாவுக்கு வேலை, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். இன்னொருவன் ஹரி. விக்ரோலியிலிருந்து அம்மாவோடு வந்திருந்தான். அப்பா இல்லை. அம்மா ஒரு கம்பெனி கேன்டீனில் சமைக்கிறவர். இரண்டு பேருக்கும் அந்த இடம் கிடைக்காவிட்டால் நம் வகுப்பின் படியேற வழியில்லை. அது எனக்குத் தெரியும், கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். முன்வரிசையில் செலவை ஏற்ற வியாபாரி உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஃப்ளைட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் நம் வகுப்பின் ஓனர். அவருக்கு எப்போதுமே நேரமாகிக்கொண்டுதான் இருக்கும்.

கேள்வி இருந்த அட்டையைப் பிரித்து எண்ணைப் போர்டில் எழுதினேன். 1000027. இது பகா எண்ணா, ஆமா இல்லையா என்பது கேள்வி. காகிதமும் பென்சிலும் உண்டு, கால்குலேட்டர் கிடையாது. ஐந்து நிமிஷம்.

மணி அடித்ததும் ஹரி எழுந்து, "பிரைம் நம்பர், மிஸ்" என்றான்.

பாத்திமா, "இல்ல மிஸ். ஏழால போவும்" என்றாள்.

"எப்படிச் சொல்றே?"

"முன்னால உள்ள ஒண்ணயும் பின்னால உள்ள இருவத்தேழயும் கூட்டுனேன் மிஸ். இருவத்தெட்டு. ஏழால போவும்லா."

கூடத்தில் சிரிப்பு. எனக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது என்றுதான் நினைக்கிறேன். முன்னாலும் பின்னாலும் கூட்டினால் ஏழு வந்துவிடும் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? கவரைப் பிரித்தேன். சீனியர் கையெழுத்தில், 'ஆம். பகா எண்.' வழக்கப்படி அவ்வளவுதான் இருந்தது, எண்ணைக்கூட எழுதியிருக்கவில்லை. ஓனர் மேடைக்கு ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டு என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். ஹரியின் அம்மா எழுந்து நின்றுவிட்டார், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒருவர் செல்போனைத் தூக்கிக் காட்டினார். "மேடம், ஒரு மினிட். மொபைல்ல போட்டுப் பாத்தேன். ஏழால பக்காவா போகுது."

பிறகு கூடம் முழுக்கச் செல்போன் வெளியே வந்தது. நான் போர்டுக்குப் போய் எல்லோரும் பார்க்க நிதானமாக வகுத்தேன். 142861. மீதி இல்லை. கவரில் இருந்தது தப்பு.

ஓரமாகப் போய்ச் சீனியருக்குப் போன் போட்டேன். எண்ணைச் சொன்னதுமே அவர், "இருபத்தேழா? நான் எழுதினது முப்பத்தேழு. பத்து லட்சத்து முப்பத்தேழு. அது பகா எண்" என்றார். அவர் மூன்று போடும் அழகு எனக்குத் தெரியும், டைப் அடித்தவருக்கு அது இரண்டாகத் தெரிந்திருக்கிறது. கணக்குத் தெரியாதவராகப் பார்த்து வைத்ததும் நாங்கள்தான்.

ஓனரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மைக்கை மூடிக்கொண்டு, "மேடம், இத இழுத்துண்டே போகாதீங்கோ. அவர் ஏர்போர்ட் போகணும். ஒண்ணு, ஆன்சர் கீல என்ன இருக்கோ அதச் சொல்லிடுங்கோ. இல்ல, கேள்வி கேன்சல்னு சொல்லிட்டு வேற ஒண்ணு கேளுங்கோ" என்றார்.

வேறு கேள்வி என்னிடம் இல்லை. நான் அங்கே நின்றபடி ஒன்றைத் தயாரித்தால், நடத்துகிறவளே எழுதியது என்று நாளைக்குப் பேச்சு வரும். அதற்குள் விஷயம் எப்படியோ கூடத்துக்குப் பரவிவிட்டது. ஹரியின் அம்மா மேடைக்குக் கீழே வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"டீச்சரம்மா, சார் மொதல்ல எழுதுன நம்பருக்கு எம் மவன் சொன்ன பதில்தான சரி? டைப் அடிச்சவன் செஞ்ச தப்புக்கு எம் புள்ள என்ன செய்வான்?"

பாத்திமாவின் வாப்பாவும் வந்தார். "அக்கா சொல்லுதது நியாயந்தான். ஆனா போர்டுல எழுதிப் போட்டது எதோ, அதுக்குத்தான எம் மவ பதில் சொன்னா?"

இரண்டு பேர் சொன்னதும் சரி. கணக்கில் இப்படி வராது. ஓனர் வாட்சைப் பார்த்தார், வியாபாரி எழுந்து நின்றார், நாலைந்து பேர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நிமிஷத்தில் எல்லோரும் என்னிடம் கேட்டது எந்த எண் என்று. இருபத்தேழா, முப்பத்தேழா? அதிலேயே நின்றிருந்தால் நான் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு சொல்லியிருக்க வேண்டும். நான் ஓனரிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு பிள்ளைகளிடம் திரும்பினேன். அது என் புத்திசாலித்தனம் இல்லை, பெரியவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பாத்திமாவிடம், "ஏன் கூட்டினே? சும்மா தோணித்தா?" என்றேன்.

"இல்ல மிஸ். பத்து லச்சம் நாளுன்னு வச்சிக்கிடுங்க. அதுல ஒரே ஒரு நாளுதான் மிச்சம், மத்ததெல்லாம் முழு வாரம். அந்த ஒண்ணோட இருவத்தேழு சேத்தா இருவத்தெட்டு. அதும் நாலு வாரம். மிச்சமே இல்லல்லா."

"பத்து லட்சத்துல ஒரு நாள்தான் மிச்சம்னு எப்படித் தெரியும்?"

"ஒண்ணு நாலு ரெண்டு எட்டு அஞ்சு ஏழு மிஸ். அத ஏழால பெருக்குனா எல்லாம் ஒம்பதா வரும். அஞ்சாப்புல எங்க டீச்சர் வெளையாட்டு காட்டுனாங்க."

142857. நம் தொழிலில் இந்த எண்ணைத் தெரியாதவர் இல்லை. இரண்டால் பெருக்கினால் 285714, மூன்றால் பெருக்கினால் 428571. அதே ஆறு இலக்கங்கள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஏழுக்கு வந்ததும் சுற்றல் நின்று ஆறு ஒன்பதுகள் வரும். குழந்தைகளுக்கு வேடிக்கை காட்ட நானே எத்தனையோ தடவை போர்டில் எழுதியிருக்கிறேன். இவளுக்கு அது வேடிக்கையோடு நிற்கவில்லை, வேண்டிய நேரத்தில் கைக்கு வந்திருக்கிறது. நாங்கள் கேட்டுச் சிரித்தோமே, அவள் சொன்ன அந்தக் காரணம் சரியான காரணம். கூடத்துக்கு அதைச் சொன்னேன்.

பிறகு ஹரி. "நீ எது எதால வகுத்துப் பார்த்தே?"

"ரெண்டு, மூணு, அஞ்சு, பதினொண்ணு பாத்தேன் மிஸ். ஏழுக்கு ரூல் தெரியாது, வகுத்துத்தான் பாக்கணும். கடைசில பாக்கலாம்னு விட்டேன். டயம் ஆயிட்டு."

அவன் இதைச் சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு எண் பகா எண் இல்லை என்று சொல்ல ஒரே ஒரு வகுத்தி போதும், அதைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடலாம். பகா எண் என்று சொல்ல வேண்டுமானால் அதன் வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்து, எல்லாவற்றிலும் மீதி வருகிறதென்று காட்டியாக வேண்டும். பத்து லட்சத்துக்கு மேலே என்றால் ஏறக்குறைய ஆயிரம் வரைக்கும். ஐந்து நிமிஷத்தில், காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு, எந்தப் பிள்ளையால் முடியும்? சீனியர் எழுதிய எண்ணே போர்டில் இருந்திருந்தாலும், 'ஆமா' என்று சொல்கிற பிள்ளை ஊகித்துத்தான் சொல்லியிருக்கும். அச்சில் வந்த தப்பை விடப் பெரிய தப்பு கேள்விக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஐந்து நிமிஷத்துக்குள் நேர்மையாகச் சொல்லக்கூடிய பதில் ஒன்று அந்தக் கேள்விக்குக் கிடைத்ததே டைப் அடித்தவர் புண்ணியத்தில்தான்.

ஆனால் இதை நான் சொன்னால் ஒரு பக்கமாகப் பேசுகிறேன் என்று ஆகும். அதனால் ஹரியிடமே கேட்டேன். "போர்டுல முப்பத்தேழு இருந்திருந்தா நீ சொன்ன பதில் சரி. தெரியுமோ?"

அவன் தலையாட்டினான். கீழே அவன் அம்மா நிமிர்ந்து பார்த்தார். அவன் 'ஆமாம் மிஸ்' என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். கூடத்தில் பாதிப் பேர் அவன் பக்கம், கவரும் அவன் பக்கம், ஓனருக்கோ எந்தப் பக்கமானாலும் முடிந்தால் சரி.

"சரியாத்தான் இருந்திருக்கும் மிஸ். ஆனா எனக்குத் தெரிஞ்சி சொன்னதா இருக்காது. டயம் ஆயிட்டேன்னு சொன்னேன்."

"ஏல, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார் அம்மா.

"அதத்தாம்மா கேக்காங்க" என்றான்.

போர்டில் இருக்கும் எண்தான் கேள்வி, அதற்குக் காரணத்தோடு பதில் சொன்னது பாத்திமா, இடம் அவளுக்கு என்று அறிவித்தேன். வியாபாரி அவசரமாகக் கைகுலுக்கிவிட்டுக் கிளம்பினார். கைதட்டல் வந்தது, அரைமனதான கைதட்டல். என் மனசு அந்தப் பையனிடம் இருந்தது. தீர்ப்பு அந்தப் பக்கம் போகவில்லை, போயிருக்கவும் கூடாது. அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வருத்தம் இருக்கிறது. சந்தேகம் இல்லாவிட்டால் வருத்தமும் இருக்காது என்று யாராவது உங்களிடம் சொன்னால் அவர் யாருக்கும் தீர்ப்புச் சொல்லியிருக்க மாட்டார்.

ஓனர் நல்ல மனிதர்தான், ஹரிக்குப் பாதிக் கட்டணத்தில் இடம் தருவதாகச் சொன்னார். அந்த அம்மா கும்பிட்டுவிட்டு, பாதிக்கும் வழியில்லை சார் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் சீனியரோடு எனக்குச் சண்டை. கேள்வி தப்பு என்றேன். இடையில் ஒரு மூன்றை இரண்டாகப் படித்ததுதான் தப்பு என்றார். அந்த மூன்றை ஒழுங்காகப் படித்திருந்தால் எந்தப் பிள்ளையால் அதற்குப் பதில் சொல்லியிருக்க முடியும் என்று கேட்டேன். அவர் காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டு இருபத்தேழைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். "இது நூறோட கனமும் மூணோட கனமும் சேர்ந்தது. அப்படின்னா நூறும் மூணும் கூட்டின 103ஆல போகும்னு கண்ண மூடிண்டு சொல்லிடலாம். மிச்சத்துல ஏழு, பத்தொம்பது, எழுபத்திமூணு. பாரேன், நான் எழுதினத விட இது எத்தனையோ தேவலை." அவர் தோல்வியை ஒப்புக்கொள்ளும் முறை அது. அதற்குப் பிறகு கேள்வித்தாளை இன்னொருவர் போட்டுப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியதில்லை.

பாத்திமா இரண்டு வருஷமும் நம்மிடம் படித்தாள். நன்றாகப் படித்தாள், என்னிடம் நன்றாகத் திட்டும் வாங்கினாள்.

ஒன்றைச் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன். வேண்டுமென்றேதான். அன்றைக்குக் கூடம் காலியானதும் நான் வெளியே வந்தேன். கேட் பக்கத்தில் ஹரியும் அம்மாவும் நின்றிருந்தார்கள். அம்மா என்னைப் பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹரி மட்டும் என்னிடம் வந்தான்.

"மிஸ், அந்த முப்பத்தேழு நெசமாவே பிரைமா?"

"ஆமாப்பா."

"நீங்க எது வரைக்கும் பாத்தீங்க?"

குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் ஒன்றுமே பார்க்கவில்லை. இரண்டால்கூட வகுத்துப் பார்த்திருக்கவில்லை. போனில் சீனியர் சொன்னார், நம்பினேன், மேடையில் நின்று ஒரு பிள்ளையிடம் 'நீ சொன்ன பதில் சரி' என்று மைக்கில் சொன்னேன். அவன் நான்கு எண்களாவது பார்த்திருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் அம்மா, "ஏல, சலோ, ட்ரெயினுக்கு நேரமாவுது" என்று கூப்பிட்டார். ஓடிவிட்டான்.

அந்த வாரம் மாலை நேரங்களில் உட்கார்ந்து பென்சிலால் வகுத்தேன். கம்ப்யூட்டரில் போட்டால் கண் இமைப்பதற்குள் வந்திருக்கும், எனக்கு அது வேண்டாம் என்று இருந்தது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று ஆயிரத்துக்குள் இருக்கும் கடைசிப் பகா எண் வரைக்கும் மேலே மேலே போனேன். எதிலும் மீதி இல்லாமல் வரவில்லை. சீனியர் சொன்னது சரிதான், அது பகா எண்தான்.

அடுத்த பரீட்சையிலிருந்து கேள்வித்தாளில் அந்த வரியைச் சேர்த்தேன். அதை எடுப்பதும் வைத்துக்கொள்வதும் இனி உங்கள் விருப்பம். திருத்த நேரமாகிறது என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது என் வரி இல்லை. விக்ரோலி ட்ரெயினைப் பிடிக்க ஓடிய ஒரு பையன் என்னிடம் கேட்டது. எங்கேயாவது நீங்கள் அவனைப் பார்த்தால் என் பதிலைச் சொல்லிவிடுங்கள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு வரைக்கும் பார்த்தேன்.